நிழல் தோட்டத்தில் நாட்டுப் பெரணி: தரையை மூடும்படி வளர்ப்பது எப்படி?

மரத்தடியில் புல் பிடிக்காத இடம் ஒன்று அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். வெளிச்சம் போதாமல் புல் மெலிந்து போகும், பாசி படரும், பெரிய மழைக்கு மேல்மண் கரைந்து ஓடும். பலர் அங்கே கூழாங்கல்லைக் கொட்டி விட்டுவிடுகிறார்கள். அந்த நிழல்தான் பெரணிக்கு வேண்டிய இடம். உங்கள் நிலப்பகுதியில் இயல்பாகவே வளரும் பெரணி ஒன்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்து நட்டால், ஓரிரு ஆண்டுகளில் தரையே தெரியாத அளவுக்கு மூடிவிடும். அதன்பின் களை எடுக்கும் வேலை பெருமளவு குறையும். மண் ஈரம் காக்கும், மண்புழு பெருகும், தவளையும் அரணையும் தங்க இடம் கிடைக்கும்.

ஆனால் பெரணி வாங்கி நட்டவர்களில் பலருக்கு இது கைகூடுவதில்லை. நட்ட இடத்தில் நட்டபடியே, ஒவ்வொன்றும் தனித்தனிக் கொத்தாக நிற்கும். நடுவில் களை முளைக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இலையின் அழகைப் பார்த்து வாங்கியது. தரையை மூடும் வேலையைச் செய்வது தண்டு. அந்தத் தண்டு மண்ணுக்குள்ளும் மண்ணை ஒட்டியும் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தண்டைச் சுற்றியே போகும். எதை வாங்குவது, எவ்வளவு ஆழத்தில் வைப்பது, எப்படிப் பிரிப்பது, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது.

படி 1: தண்டின் போக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பெரணியில் நமக்கு வெளியே தெரிவது இலை மட்டும்தான். தண்டு என்பது பழுப்புச் செதில்களோ முடிகளோ போர்த்திய, வேர் போலவே தோன்றும் கட்டையான பகுதி. அது போகும் விதத்தை வைத்துப் பெரணிகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகையில் தண்டு குட்டையாக நிமிர்ந்து நிற்கும். இலைகள் எல்லாம் அதன் உச்சியிலிருந்து வட்டமாக விரியும். டிரையோப்டெரிஸ் இனத்தின் பல பெரணிகள் இப்படித்தான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நட்ட இடத்தை விட்டு நகராது. தரைமூடியாக வேண்டுமென்றால் நெருக்கி நட வேண்டும், செலவும் கூடும்.

இரண்டாவது வகையில் தண்டு மண்ணுக்குக் கீழே கிடைமட்டமாக ஊர்ந்து, வழிநெடுக ஒவ்வோர் இலையாக மேலே அனுப்பும். கிறிஸ்டெல்லா இனத்தில் சிலவும், வட அமெரிக்கக் காடுகளில் வளரும் டென்ஸ்டேட்டியா பங்டிலோபுலாவும், ஈரநிலத்தில் செழிக்கும் ஓனோக்லியா சென்சிபிலிஸும் இதில் சேரும். தரைமூடிக்கு முதல் தரமான வகை இது.

மூன்றாவது வகை ஓடுதண்டு விடும். தாய்ச்செடி ஓரிடத்தில் கொத்தாக இருக்க, அதிலிருந்து கம்பி போன்ற மெல்லிய தண்டுகள் நாலாபக்கமும் ஓடி, ஆங்காங்கே வேர் விட்டுக் குட்டிச் செடிகளைப் போடும். நெஃப்ரோலெபிஸ் இனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குளிர் நாடுகளில் வளரும் நெருப்புக்கோழிப் பெரணியும் மண்ணுக்கடியில் இப்படியே ஓடுகிறது.

இவை தவிர, இலை நுனியே மண்ணைத் தொட்டு வேர்விட்டு அடுத்த செடியாகும் பெரணிகளும் உண்டு. அடியான்டம் பிலிப்பென்ஸ், அடியான்டம் காடேட்டம் இரண்டும் அப்படி நடப்பவை. அழகான சிறு செடிகள். சரிவிலும் கல் இடுக்கிலும் நன்றாக அமையும். ஆனால் பெரிய பரப்பை மூட இவற்றை மட்டும் நம்ப முடியாது. வறண்ட பருவத்தில் அடியான்டம் பிலிப்பென்ஸின் இலைகள் காய்ந்து மறைந்துவிடும், மழை வந்ததும்தான் திரும்பத் தளிர்க்கும்.

வாங்கும்போது தொட்டியைக் கையில் எடுத்து, மேலே இருக்கும் இலைகளை விலக்கிவிட்டு மண்ணைப் பாருங்கள். இலைகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றனவா, அல்லது சில இலைகள் விலகித் தள்ளி முளைத்திருக்கின்றனவா? தொட்டி விளிம்பைச் சுற்றிக் கம்பி போல ஏதாவது ஓடுகிறதா? தள்ளி முளைத்த இலையும் சுற்றி ஓடும் கம்பியும் இருந்தால் அந்தச் செடி பரவும். அடர்த்தியாக, பளபளப்பாக, ஒரே கொத்தாக இருக்கும் செடியை விட, கொஞ்சம் ஒழுங்கில்லாமல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும் செடியையே எடுங்கள்.

எந்த நாட்டுப் பெரணி?

வெப்பமண்டல ஆசியாவில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. நாற்றங்கால்களில் வாள் பெரணி என்றும் வெறுமனே ஃபெர்ன் என்றும் விற்பார்கள். நீண்டு ஒடுங்கிய இலை, பெரும்பாலும் அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரை வரும். நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு பக்கம் மட்டும் சின்னக் காது மாதிரி நீண்டு நடுநரம்பின் மேல் படிந்திருக்கும். இந்தச் செடியின் தனிச்சிறப்பு மண்ணுக்குள் இருக்கிறது: ஓடுதண்டுகளில் கோலிக்குண்டு அளவில் உருண்டைக் கிழங்குகள் தொங்கும். பழுப்புச் செதிலைத் தேய்த்துவிட்டு நறுக்கிப் பார்த்தால் உள்ளே சதைப்பற்றாக, நீர் கோத்திருக்கும். வறட்சியை இந்தச் செடி மற்ற பெரணிகளை விட நன்றாகத் தாங்குவதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

குளிர் நாட்டில் இருக்கிறீர்களா? அப்படியானால் நெருப்புக்கோழிப் பெரணியும், ஓனோக்லியாவும், உங்கள் பகுதியின் பிற காட்டுப் பெரணிகளும்தான் உங்களுக்கு. இவற்றில் பல குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வசந்தத்தில் மீண்டும் எழும். அந்த மாதங்களில் தரை வெறுமையாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நடுங்கள்.

நாட்டுச் செடி என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மேலே புகழ்ந்த அதே நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆக்கிரமிப்புச் செடி. அங்கே காட்டுக்குள் புகுந்து உள்ளூர்ச் செடிகளை ஒதுக்கிவிட்டது. ஃபுளோரிடாவின் சொந்தப் பெரணியான நெஃப்ரோலெபிஸ் எக்ஸால்டேட்டாவும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், உள்ளூர்ச் செடி என்று நினைத்தே பலர் இதை வாங்கி நட்டார்கள். வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பது கிழங்கு: எக்ஸால்டேட்டாவுக்குக் கிழங்கு கிடையாது. வேகமாகப் பரவும் குணம்தான் தரைமூடிக்கு வேண்டியது. அதே குணம் அந்நிய மண்ணில் தீங்காகிவிடுகிறது. பரவும் செடியை நடும்போது அது உங்கள் பகுதிக்குச் சொந்தமானதா என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம்.

சொந்த மண்ணின் செடியே ஆனாலும் தோட்டத்துக்குள் விடக்கூடாத ஒன்று பிராக்கன் எனப்படும் டெரிடியம். ஆழமாக ஓடும் தண்டு, பிறகு எடுக்கவே முடியாது. போதாததற்கு டாக்விலோசைடு என்னும் நச்சு அதில் இருக்கிறது. மேயும் கால்நடைகளுக்குக் கேடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

செடியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். காட்டிலிருந்தோ ஓடைக்கரையிலிருந்தோ தோண்டி வராதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், தோண்டிய காட்டுப் பெரணி பெரும்பாலும் வேர் அறுந்து செத்துப்போகும். காட்டுக்கும் நட்டம், உங்களுக்கும் பயனில்லை. பெருக்கி விற்கும் நாற்றங்காலில் வாங்கலாம், இல்லையென்றால் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு கொத்து கேட்கலாம். பெரணி வளர்ப்பவர்கள் யாரும் ஒரு கொத்து தர மறுப்பதில்லை, ஏனென்றால் எப்படியும் அவர்கள் பிரித்தாக வேண்டும்.

படி 2: நிழலை அளந்து பாருங்கள்

நிழல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, எல்லா நிழலும் ஒன்றல்ல. வெயில் உச்சியில் இருக்கும்போது பெரணி நடப்போகும் இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பிடியுங்கள். கையின் நிழல் விளிம்பு கூர்மையாக, கருப்பாக விழுந்தால் வெயில் அதிகம். விளிம்பு மங்கி, விரல்கள் கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் பெரணிக்கு ஏற்ற நிழல். கையின் நிழலே விழவில்லை என்றால் அடர்நிழல். பெரணி உயிரோடு இருக்கும், ஆனால் இலைகள் நீண்டு துவண்டு, பரவுவதும் மெதுவாகும். அங்கே மரத்தின் கீழ்க்கிளைகள் ஒன்றிரண்டைக் கழித்துவிட்டால் போதும்.

காலை வெயில் ஓரிரண்டு மணி நேரம் படுவதில் தவறில்லை. பிற்பகல் வெயில்தான் எதிரி. மேற்குப் பக்கம் திறந்திருக்கும் இடத்தில் இலைகள் வெளிறி, ஓரம் கருகும். ஒரே ஒரு நாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சூரியன் போகும் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும், இலையுதிர்க்கும் மரமென்றால் நிழலே காணாமல் போகும் மாதங்கள் உண்டு.

அப்புறம் வடிகால். ஒரு சாண் அகலத்தில் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். ஒருமுறை வடிந்த பின் மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால் பாத்தியை உயர்த்தித்தான் நட வேண்டும். பெரணிக்கு ஈரம் பிடிக்கும், தேக்கம் பிடிக்காது. ஓனோக்லியா போன்ற ஈரநிலப் பெரணிகள் மட்டுமே இதற்கு விலக்கு.

படி 3: மண்ணைத் தயார் செய்யுங்கள்

காட்டில் பெரணி வளரும் மண்ணைப் பார்த்தால், மேலே ஒரு விரற்கடை அளவு உதிர்ந்த இலை, அதன் கீழே பாதி மட்கிய கருப்புப் படலம், அதற்கும் கீழேதான் மண். பெரணியின் வேரும் தண்டும் பெரும்பாலும் அந்தக் கருப்புப் படலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்ட வேண்டிய வேலையே இல்லை. மேல் 15 செ.மீ. பொலபொலவென்று இருந்தால் போதும்.

மரத்தடியில் ஆழமாகக் கொத்துவது மரத்துக்கும் கெடுதல். மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் வலையாகப் பரவியிருக்கின்றன. மண்வெட்டியை வைத்துவிட்டு, தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் மண்ணை நெகிழ்த்துங்கள். விரல் தடிமனுக்கு மேல் இருக்கும் வேர் எதிர்ப்பட்டால் வெட்ட வேண்டாம், பெரணியைத் தள்ளி நடுங்கள். மேலே மண் கொட்டி மேடாக்கவும் கூடாது. 5 செ.மீ.க்கு மேல் மண் ஏறினால் மரவேர் மூச்சுவிடச் சிரமப்படும். அடிமரத்தைச் சுற்றி மண்ணோ மட்கோ அண்டாமல் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள்.

கலக்க வேண்டிய பொருள்களில் முதலிடம் இலைமட்குக்கு. உதிர்ந்த இலைகளைக் கூட்டி, நனைத்து, கம்பி வலைக் கூட்டிலோ துளையிட்ட சாக்கிலோ போட்டு வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வெப்ப நாடுகளில் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கருத்து உதிரியாகிவிடும்; குளிர் நாடுகளில் இரண்டாண்டு வரை பிடிக்கும். இதை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு கலந்து விடுங்கள். இலைமட்கு இல்லாவிட்டால் நன்கு மட்கிய தொழு உரமும் ஆகும், ஆனால் அதில் பாதி அளவே போதும். தென்னை நார்க்கழிவு பயன்படுத்துவதென்றால் இரண்டு மூன்று முறை நீரில் ஊற வைத்துப் பிழிந்து எடுங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், பெரணியின் மெல்லிய வேர் அதைத் தாங்காது.

பெரும்பாலான காட்டுப் பெரணிகளுக்குச் சற்றே புளிப்பான மண் பிடிக்கும். கார அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5 வரை. புதிதாகப் பூசிய சுவருக்கு அருகே சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்து மண் காரமாகிவிடும் என்பதால் அந்த இடத்தில் கவனம் தேவை. அங்கே டெரிஸ் விட்டேட்டாவை நடலாம். சுண்ணாம்புச் சுவரிலேயே முளைக்கும் பெரணி அது. மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதை 2001-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மாசுபட்ட நிலத்தைத் தூய்மையாக்க உதவுமா என்று அதன்பின் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அது கொத்தாக நிற்கும் செடி என்பதால் தரைமூடிக்கு நான் எடுக்க மாட்டேன், சுவரோரத்துக்கு நல்ல செடி.

படி 4: நடுதல்

வெப்ப நாடுகளில் மழைக்காலத் தொடக்கமும், குளிர் நாடுகளில் வசந்தமும் நடுவதற்கு ஏற்ற நேரம். மேகமூட்டமான நாள், அல்லது மாலை வேளை.

இடைவெளிக் கணக்கு இப்படி. ஓடுதண்டு விடும் வகை என்றால் 30 செ.மீ.க்கு ஒன்று. ஒரு சதுர மீட்டருக்கு 11 செடி ஆகும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஏறத்தாழ 110. அவ்வளவு வாங்க முடியாவிட்டால் 45 செ.மீ. இடைவெளி விடுங்கள், சதுர மீட்டருக்கு ஐந்தே போதும். மூடுவதற்குக் கூடுதலாக ஒரு வளர்பருவம் ஆகும், அதுவரை களையைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி, நான் பெரிதும் விரும்புவது: முழுப் பாத்தியையும் ஒரேயடியாக நடாமல் கால்வாசி இடத்தில் மட்டும் நெருக்கமாக நடுங்கள். அது செழித்ததும் அதிலிருந்தே பிரித்து மீதியை நிரப்பலாம். அந்த இடத்து மண்ணும் நிழலும் அந்தச் செடிக்குப் பிடிக்கிறதா என்பதும் சின்னச் செலவிலேயே தெரிந்துவிடும். வரிசை பிடித்து நட வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்று விலக்கி, முக்கோணமாக நட்டால் சீக்கிரம் மூடும்.

நடுவதற்கு முன் தொட்டியோடு ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை வையுங்கள். வறண்ட வேர்க்கட்டி மண்ணுக்குள் போனால், மேலே ஊற்றும் நீர் அதைச் சுற்றி ஓடிவிடுமே ஒழிய உள்ளே இறங்காது. வேர் தொட்டிக்குள் சுற்றி இறுகியிருந்தால் விரலால் மெதுவாக நெகிழ்த்துங்கள்.

இனி ஆழம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சுருண்ட தளிர்கள் கிளம்பும் அந்த நடுப்பகுதி மண் மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். அது புதைந்தால் அழுகும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், அல்லது ஒரு நூல் மேலே. ஊர்ந்து செல்லும் தண்டைத் துண்டாக நடுகிறீர்கள் என்றால் அதைக் குத்தி நிறுத்தாமல் படுக்க வைத்து, 1 முதல் 2 செ.மீ. மட்கால் மூடுங்கள். தண்டின் நுனியில் வெளிர்ச் செதில் மூடிய மொட்டு ஒன்று இருக்கும். அது வளர வேண்டிய திசையைப் பார்த்து, காலி இடத்தை நோக்கி வையுங்கள். ஓடுதண்டு நுனிகளையும் அப்படியே காலி இடத்தின் பக்கம் திருப்பி விட்டு, மேலே ஒரு சிட்டிகை மட்கைத் தூவினால் சீக்கிரம் வேர் பிடிக்கும்.

நட்டபின் மண்ணைக் காலால் மிதிக்க வேண்டாம், விரலால் அழுத்தினால் போதும். பூவாளியால் நீர் விட்டு, செடிகளுக்கு நடுவே 5 செ.மீ. கனத்துக்கு உதிரிலை மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு செடியின் நடுவில் விழாமல் விலக்கிவிடுங்கள்.

படி 5: முதல் ஆண்டு

முதல் மூன்று மாதம் மண் காயவே கூடாது. விரலை மூடாக்குக்குக் கீழே மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். குளிர்ந்து ஈரமாக இருந்தால் விட்டுவிடலாம், உலர்ந்து உதிர்ந்தால் நீர் விடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதை விட, இடைவெளி விட்டு ஆழ நனைப்பதே வேரைக் கீழே இறக்கும். மரத்தடி என்றால் கூடுதல் கவனம்: நல்ல மழை பெய்தாலும் அடர்ந்த மரத்தின் கீழ் மண் நனையாமலே இருக்கும், மரம் தானும் உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்துவிட்டதே என்று விட்டுவிடாமல் விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இலைமேல் அடிக்கடி நீர் தெளித்தால்தான் பெரணி வாழும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தரையில் வளரும் பெரணிக்கு அது தேவையில்லை. மூடாக்கின் ஈரமே சுற்றியுள்ள காற்றைக் குளுமையாக வைத்திருக்கும்.

உரம் குறைவாகவே. ஆண்டுக்கு ஒருமுறை, தளிர்க்கும் பருவத்துக்கு முன், மட்கை மெல்லிய படலமாகத் தூவினால் போதும். கரையும் இரசாயன உரம் போடுவதென்றால் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்து, ஈர மண்ணில் மட்டும் விடுங்கள். யூரியாவை அப்படியே வீசினால் இலை ஓரங்கள் கருகிப் போகும்.

களை எடுப்பதுதான் முதல் ஆண்டின் பெரிய வேலை. களைக்கொட்டு பயன்படுத்த வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் தண்டுகளை அது அறுத்துவிடும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்குங்கள். இரண்டாம் ஆண்டில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தரைக்கு வெளிச்சம் போவதை நிறுத்திவிடும். அதன்பின் எட்டிப் பார்ப்பவை பறவைகள் போட்ட மரக்கன்றுகள் மட்டும்தான்.

இலையடிப் புள்ளிகள் பூச்சி அல்ல

புதிதாகப் பெரணி வளர்ப்பவர்கள் பதறும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். செதில் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள், இலையையே வெட்டி எறிவார்கள். அவை வித்துத்தூள் பைகளின் கொத்துகள். பெரணி பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இந்தத் தூளால்தான் இனம் பெருக்குகிறது. நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியாவில் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசை. ஒவ்வொரு புள்ளியும் பிறை போல வளைந்த சிறு மூடியால் மூடியிருக்கும். அடியான்டத்தில் இலையின் ஓரமே மடங்கி அவற்றை மூடிக்கொள்ளும்.

பூச்சியிலிருந்து பிரித்தறிவது எளிது. வித்துக்கொத்து ஒழுங்கான வரிசையில், இலையடியில் மட்டும் இருக்கும். செதில் பூச்சி ஒழுங்கில்லாமல் காம்பிலும் நரம்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்பாக முழுதாகப் பெயர்ந்து வரும், எறும்பும் ஏறிக்கொண்டிருக்கும்.

கெட்டுப்போனால் என்ன பார்ப்பது?

இலை முழுக்க வெளிறி மஞ்சளடித்தால் வெயில் அதிகம். நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் வறட்சி, அல்லது உப்பு நீர், அல்லது உரம் கூடியது. நடுப்பகுதி கருத்துக் கூழானால் ஆழமாக நட்டுவிட்டீர்கள் அல்லது நீர் தேங்குகிறது. உடனே எடுத்து, அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மேடான இடத்தில் நடுங்கள். அடியிலுள்ள முதிய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகிச் சாய்வது இயல்பு. அதை அப்படியே விட்டால் அதுவே மூடாக்காகும்.

சுருள் தளிர்கள் விரிவதற்கு முன்பே கடித்துத் துண்டாகிக் கிடந்தால் நத்தையின் வேலை. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே நல்ல வழி. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அதிகம் தாக்கிய இலையை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். எண்ணெய் கலந்த மருந்துகள் பெரணி இலையைச் சுட்டுவிடக்கூடும். ஆகவே வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் லிட்டருக்கு 5 மி.லி.க்கு மேல் போகாமல், முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

படி 6: பெருக்குதல்

தண்டைப் பிரிப்பதே எளிய வழி. தளிர்க்கத் தொடங்கும் பருவத்தில் கொத்தைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறிவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் வளர்நுனி ஒன்று, இரண்டு மூன்று இலை, ஓரளவு வேர் இருக்கும்படி கூர்க்கத்தியால் வெட்டுங்கள். வளர்நுனி இல்லாத துண்டு தழைக்க நெடுநாள் ஆகும், தழைக்காமலும் போகலாம். பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி நட்டால் வாடல் குறையும். ஓடுதண்டில் முளைத்த குட்டிகளை, அவற்றுக்கு நாலைந்து இலை வந்ததும் தாயிலிருந்து அறுத்து நடலாம். கார்டிஃபோலியாவின் கிழங்கை ஈர மட்கில் வைத்தால் அதுவும் முளைத்துச் செடியாகும்.

வித்துத்தூளிலிருந்து வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் தோட்டத்தில் இதைவிட ஆர்வமூட்டும் வேலை அதிகம் இல்லை. புள்ளிகள் பச்சையிலிருந்து பழுப்பாக மாறியிருக்கும் இலைத்துண்டு ஒன்றைக் காகித உறைக்குள் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஓரிரண்டு நாளில் அடியில் மெல்லிய தூள் படிந்திருக்கும். கொதிநீர் ஊற்றிக் கிருமி நீக்கி ஆறவைத்த மட்கை, ஒளி ஊடுருவும் பெட்டியில் நிரப்பி, அதன் மேல் தூளை மிக மெல்லியதாகத் தூவி மூடுங்கள். மண்ணால் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். பிறகு அது நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவ ஏடுகளாக மாறும்.

பெரணி போலவே தோன்றாத பெரணித் தலைமுறை அது. அந்த ஏட்டின் அடியில் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்தித்தான் பெண் அணுவை அடைய முடியும். ஆகவே இந்தக் கட்டத்தில் கொதித்து ஆறிய நீரை மென்மையாகத் தெளித்து ஏடுகளின் மேல் ஈரப் படலம் இருக்கும்படி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஏடுகள் பச்சையாக இருந்துகொண்டே இருக்கும், பெரணி வராது. நீர் கிடைத்தால் சில மாதங்களில் ஒவ்வோர் ஏட்டிலிருந்தும் முதல் குட்டி இலை எழும். தோட்டத்தில் நடும் அளவுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

மூடிய கண்ணாடிக்குள் பெரணி இப்படித் தானாக வளர்வதை 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு கவனித்தார். அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை மண்ணோடு ஒரு புட்டியில் அடைத்து வைத்திருந்தார். அதில் பெரணி முளைத்தது. அதிலிருந்து பிறந்த வார்டு பெட்டிகளில்தான் பின்னாளில் கப்பல்கள் செடிகளைக் கடல் கடந்து உயிரோடு கொண்டுபோயின.

படி 7: எல்லைக்குள் வைத்திருத்தல்

மூன்றாம் ஆண்டிலிருந்து உங்கள் வேலை வளர்ப்பதிலிருந்து நிறுத்துவதற்கு மாறும். நடக்கும் பாதை, புல்வெளி, மென்மையான சிறு செடிகள் உள்ள பக்கம் 20 செ.மீ. ஆழத்துக்குக் கல் அல்லது செங்கல் விளிம்பு இருந்தால் பெரும்பகுதி நிற்கும். ஓடுதண்டுகள் மேல்மண்ணிலேயே ஓடுவதால் மேலே தாண்டி வருவதைக் கையாலேயே இழுத்து எடுத்துவிடலாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை விளிம்பைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். பாத்தியின் நடு மிகவும் அடர்ந்து இலைகள் சிறுத்துப்போனால் அங்கங்கே கொத்துகளைத் தோண்டி எடுத்து, குழியில் மட்கை நிரப்புங்கள். சுற்றியுள்ள செடிகள் அந்த இடத்தை ஒரே பருவத்தில் பிடித்துக்கொள்ளும்.

தோண்டி எடுத்ததை வெற்று நிலத்திலோ வாய்க்கால் ஓரத்திலோ கொட்டாதீர்கள்; ஒரு கிழங்கு போதும், அங்கே புதிதாகப் பரவத் தொடங்கிவிடும். கேட்பவர்களுக்குக் கொடுத்தது போக மீதியைத் தண்டும் கிழங்குமாகத் தார்ப்பாயில் பரப்பி, நல்ல வெயிலில் சுருங்கி நொறுங்கும் வரை காயவைத்துவிட்டு மட்குக் குழியில் போடுங்கள்.